ஐந்தாவது படி

"எந்தப் படுபாவி அர்ஜி குடுத்தான்? எனக்குத் தெரிஞ்சாகணும்!"

சீனு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பவர்லூம்கூட நின்றுவிட்டது. வாசலில் முனிசிபாலிட்டி ஆட்கள் கடப்பாறையோடு நின்றார்கள். யாரோ கொடுத்த மனுவின் பேரில், ஆந்திர எல்லை ஊரான நகரியில் நடைபாதையை அடைத்துக் கட்டியதையெல்லாம் இடிக்க உத்தரவு.

உள்ளே, சக்கர நாற்காலியில் இருந்த தங்கை ஸ்வர்ணலதா புதுப்புடவையில் கிளம்பிக் காத்திருந்தாள். வார்டு சச்சிவாலயம் என்ற அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து இன்றுதான் முதல் நாள். பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

முன்பு வாசலில் அவள் நாற்காலியை உருட்டிப் போக ஒரு சிமெண்ட் சரிவு இருந்தது. சீனுவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வாஸ்துக்காரர் வந்தார். வீடு தெருவைவிட உயரமாக வேண்டும், படி ஒற்றைப்படையில் வர வேண்டும் என்றார். மூன்று அந்த உயரத்துக்கு எட்டவில்லை, நான்கு ஆகாது. ஐந்து போட்டார்கள். கடைசியாகக் கீழே வந்த அகலமான ஐந்தாவது படி நடைபாதையை முழுங்கிவிட்டது. மற்ற வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தெரு முழுக்கப் படி முளைத்தது. அதன்பிறகு அண்ணன் மனசு வைத்து அரிசி மூட்டைபோல் தூக்கி இறக்கினால்தான் அவளுக்கு வெளியுலகம். இறங்கினாலும் லாரி ஓடும் ரோட்டில்தான் உருட்ட வேண்டும்.

"லட்சுமி ஏறி வர படிடா! இடிக்க உட்டுடாதே!" என்று அலறினாள் தாய் ரத்தினம்மா.

"அர்ஜி குடுத்தது நான்தாம்மா" என்றாள் ஸ்வர்ணலதா.

சீனுவின் முகம் கறுத்தது. "கூடப் பொறந்தவளே குழி பறிச்சிட்டியேடி! நான் தூக்கிக்கினு போவ மாட்டனா?"

"போன மாசம் ஆஸ்பத்திரிக்கு மூணு நாளு கெஞ்சினேன். அப்புறம் அப்புறம்னு சொல்லிக்கினே இருந்தியேண்ணா. லட்சுமி உள்ள வர அஞ்சு படி கட்டினே. நான் வெளிய போவ வழி வெச்சியா?"

சீனு வாசலைவிட்டு விலகினான். கடப்பாறை இறங்கியது. நடைபாதையில் இருந்த ஐந்தாவது படியை மட்டும் பெயர்த்துவிட்டு, மற்றது உங்கள் இடம் என்று ஆட்கள் நகர்ந்தார்கள்.

"ஐயோ, நாலாப் போச்சே! இரட்டைப்படை குடும்பத்துக்கு ஆவாதே!" ரத்தினம்மா தலையில் கைவைத்தாள்.

"ஆவாதுன்னா நாலையும் எடுத்துட்டு என் சரிவைப் போடுங்க" என்றாள் ஸ்வர்ணலதா.

பிறகு நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினாள். புதுப்புடவை புழுதியில் புரள, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நான்கையும் கடந்தாள். கடப்பாறைக்காரர் ஒருவர் நாற்காலியை இறக்கிக் கொடுத்தார்.

அடுத்த வீட்டுப் படி நடைபாதையை மறித்தது. அவள் ரோட்டுக்குத் திரும்பவில்லை. அதை இடித்து முடிக்கும்வரை அங்கேயே காத்திருந்தாள்.