சகலை அறுத்த வலை

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபோதுதான் வலது கால் வலையில் சிக்கியிருப்பது தெரிந்தது. உதற உதறக் கண்ணிகள் முழங்கால்வரை ஏறின. தலைக்கு மேலே இரண்டு முழத்தில் வெளிச்சம். கை எட்டவில்லை.

அது என் வலை இல்லை, சகலையுடையது. என் மனைவியின் அக்காள் புருஷன். புதுமழைக்கு ஓடைத் தண்ணீர் எங்கள் காயலில் வந்து விழும் இடத்தில் விரால் கூடும். அங்கே யார் வலை போடுவது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்த்தகராறு. அதோடு பேச்சு நின்றது. அக்காளும் தங்கையும் சந்தைக்குப் போகிற சாக்கில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கும் வேண்டுமென்றே அவர் வலையை ஒட்டி என் வலையை இறக்கப் போய்த்தான் படகிலிருந்து விழுந்தேன்.

காலருகே ஒரு கத்தி மினுங்கியது. பக்கத்தில் தன் படகிலிருந்த சகலை குதித்திருந்தார். கோடை முழுக்க அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து தக்கையும் ஈயக்குண்டும் கட்டிய புது வலை. ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்க அவர் பார்க்கவில்லை. குறுக்கே ஒரே இழுப்பாக அறுத்தார். என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கினார்.

குடித்த தண்ணீரையெல்லாம் அவர் படகிலேயே கக்கினேன். "சகல, வலை போச்சே" என்றேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"வலை கெடக்குது. மூச்ச விடு மொதல்ல. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கொழுந்தியாளுக்கு யாரு பதில் சொல்றது?"

சொல்லிக்கொண்டே என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

வீட்டில் மனைவி நீட்டிய தேநீரின் ஆவி மூக்கில் ஏறியது. உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சையும் புதுச்சட்டை மாதிரி அனுபவித்தேன். அவள் என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும்.

மறுநாள் விடிந்ததும் என் வலையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழிநெடுக நன்றி சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். "இத நீங்க வச்சுக்குங்க" என்று மட்டும் வந்தது.

அவர் கண்ணிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இது கெண்டைக்குப் போடறது. விரால் மூஞ்சிய நீட்டிப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே போயிடும்." உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆனாலும் வலையைத் தன் படகில்தான் போட்டார். "ஏறு. முன்னால உக்காரு. விழுந்தா எனக்குத் தெரியணும்."

ஓடை வாயில் வலையின் முதல் குண்டை நான் இறக்கப் போகையில் அவர் கையை உயர்த்தினார். கோரைப்புல் ஓரத்தில், தண்ணீரின் மேல்மட்டத்தில், குங்குமத்தைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு சிவப்பு. நகர்ந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். அவற்றுக்குக் கீழே காவலாக, கறுத்த முதுகோடு பெரியது ஒன்று மேலே வந்து காற்றை ஒரு வாய் வாங்கிவிட்டு மறுபடி அமிழ்ந்தது.

"சின்னதுங்க" என்றார் சகலை, தணிந்த குரலில்.

நான் குண்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் துடுப்பைத் தண்ணீரில் சத்தமில்லாமல் சாய்த்தார். படகு மெல்லத் திரும்பியது. அந்தச் சிவப்பு கலையாமல், வட்டமாக, கோரைக்குள் போய்க்கொண்டிருந்தது.