தும்மிய பிணம்

என் அண்ணன் எடுத்த முதல் படம் மோசமான படம். எடிட்டர் நான்தான், தங்கை என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். கதாநாயகனின் அப்பா செத்துக் கிடக்கிறார். மகன் நெஞ்சில் விழுந்து கதறுகிறான். அவன் தலைமுடி மூக்கில் பட்டு, பிணம் தும்முகிறது. "இந்த அழுகை மறுபடி வராதும்மா" என்று அண்ணன் அந்த ஷாட்டையே வைத்தான்.

பணம் போட்டவர் அவனுடைய மாமனார், மெத்தைக் கடை முதலாளி. தெரிந்தவர்களை அழைத்துப் போட்டுக் காட்டினோம். பிணம் தும்மியதும் அரங்கமே குலுங்கியது. "ஆயுசு நூறு!" என்று ஒருவர் கத்தினார். விழுந்து விழுந்து சிரித்தவர்களே அடுத்த நிமிஷம் அந்த மகனோடு சேர்ந்து மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணன் என் காதில், "சிரிக்கிறாங்க, ஆனா ஒருத்தரும் எழுந்து போகலை பாத்தியா?" என்றான். இது ஓடினால்தான் அவனுக்கு அடுத்த படம்.

மாமனாருக்கு மானம் போய்விட்டதாம். மறுநாள் என் எடிட்டிங் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "சிரிச்ச இடத்தையெல்லாம் வெட்டும்மா. என் பேர் முதல்ல வருதுல்ல?"

எவ்வளவோ சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. அண்ணன் அவருக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றான். அவன் மேலும் எனக்கு எரிச்சல். தும்மல் போயிற்று. குண்டு தீர்ந்ததும் வாயாலேயே 'டுமீல்' சொல்லும் வில்லன் போனான். சிரிப்போடு ஒட்டியிருந்த அழுகையும் போயிற்று. உப்புச் சப்பில்லாமல் ஏதோ ஒன்று மிஞ்சியது.

அதை வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. ஆளாளுக்குச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

வாசலில் அண்ணன் ஒருவரை நிறுத்தி, "எந்த சீன் புடிச்சுது சார்?" என்று கேட்டான்.

அவர் யோசித்தார். பாவம், உண்மையிலேயே யோசித்தார். "எல்லாமே பரவால்ல தம்பி" என்றார். சாவியைத் தேடிக்கொண்டே, "படத்து பேர் என்னன்னு சொன்னீங்க?" என்றார்.

அரங்கமே சிரித்தபோது அழாத அண்ணன், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். மாமனார் வாயெல்லாம் பல்லாக வந்து அவன் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா மாப்ளே, ஒருத்தன்கூட சிரிக்கலை!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அந்தப் படத்துல பொணத்துக்குக்கூட உசுரு இருந்துச்சு மாமா" என்றேன். "நீங்கதான் கொன்னீங்க."