தலைவர் முகத்துக்கு முதல் தரம்

வண்டன்மேட்டில் முப்பது ஏக்கர் ஏலத்தோட்டம் உள்ள ஏசுரத்தினம், விவசாயிகள் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் சின்னையனிடம் தோற்றவர். மூன்றாவது தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தது. இதிலும் தோற்றால் சங்க விதிப்படி இனி நிற்க முடியாது. 'தலைவர்' என்று அச்சடித்த லெட்டர்பேடு மட்டும் முதல் தேர்தலிலிருந்தே பீரோவில் தயாராக இருந்தது.

அவர் தன் தோட்டத்தை ஜீப் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தவர், அதனால்தான் தோற்றார் என்றது ஊர். அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. பிளெக்ஸ் பேனரில் தன் கன்னம் தொங்குகிறது. தொங்கும் கன்னத்தை நம்பி யார் ஓட்டுப் போடுவார்கள்?

கன்னத்தைத் தூக்கி நிறுத்த ஊசி உண்டென்று கேள்விப்பட்டு, கட்டப்பனையில் தோல் மருத்துவர் ஜெஸ்னாவைப் போய்ப் பார்த்தார். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து படித்த பெண். அவள் ஒரு கண்ணாடித் தகட்டில் இரண்டு ஊசிகளிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு ஜெல் வைத்தாள். ஒன்று குட்டிக் குன்றாக நின்றது. இன்னொன்று மெல்லப் பரந்து படுத்துக்கொண்டது.

"ரெண்டும் ஒரே சாமான்தான் அங்கிள், ஹயலுரானிக் ஆசிட். உள்ளுக்குள்ள பின்னியிருக்கிற விதந்தான் வேற. இந்தக் கெட்டி ஜெல்லு, அமுக்கினாத் திரும்ப நிமிந்துக்கும். கன்ன எலும்பு மேல ஆழமா வச்சாத் தூக்கிப் பிடிக்கும். படுத்திருக்கே, அது இளக்கம். உதட்டுக்கும் வாயோரத்துக்கும் அதுதான். பேசுறப்போ, சிரிக்கிறப்போ தோலோட சேந்து அசையணும்ல?"

"எது முதல் தரம்?"

"இதுல தரம்லாம் இல்ல அங்கிள். எடந்தான்."

ஏலக்காயை எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை முதல் தரமென்றும் கீழே விழுவதை மட்டமென்றும் முப்பது வருடம் பிரித்தவருக்கு இந்தப் பதில் இறங்கவில்லை. நிமிர்ந்து நிற்பது எது, படுத்துக் கிடப்பது எது என்று கண்ணுக்கெதிரே தெரிகிறதே.

"எல்லா எடத்துக்கும் கெட்டியே போடு தாயி. நம்மகிட்ட மட்டச் சரக்கைத் தள்ளாத."

"கண்ணுக்குக் கீழ தோலு மெலிசு அங்கிள், கெட்டியப் போட்டா உருண்டையாத் தெரியும். வாயோரத்துல போட்டா மரக்கட்டை மாதிரி நிக்கும். அதோட இது தண்ணிய இழுக்குற சாமான். கொஞ்சமா வச்சு, ரெண்டு வாரம் கழிச்சுத்தான் சரியான முகம் தெரியும். உங்களுக்கோ ஞாயித்துக்கிழமை எலக்சன். நான் போட மாட்டேன்."

போடுகிற இடம், போடிமெட்டு தாண்டி மலையிறங்கியதும் கிடைத்தது. பெயர்ப்பலகையில் பெயின்ட் காயாத ஓர் அழகு நிலையம். அங்கே கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் யாருக்கும் இல்லை. கன்னம், கண்ணுக்குக் கீழே, உதடு, வாயோரம் என்று காட்டிய இடமெல்லாம் கெட்டி ஜெல்லை ஏற்றி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை, மனைவி செபமாலையம்மாள் காப்பித் தம்ளரோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"வெளயாடாத."

"எங்க, சிரிங்க பாப்போம்."

சிரிக்க முயன்றார். கன்னம் கிளம்பியது, உதடு மறுத்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு உருண்டைகள் எழுந்து நின்று யார் கூப்பிட்டது என்று பார்த்தன.

"போதும், நிறுத்துங்க. அந்த டாக்டர் புள்ளைக்கு போன் போடுங்க."

போன் போடுவதா? வேண்டாமென்ற ஆளிடமே திரும்பிப் போய் நிற்பதா? "தண்ணிய இழுத்திருக்கு, அவ்வளவுதான். தண்ணிய எப்பிடி எடுக்கணும்னு எனக்கா தெரியாது?" என்று சொல்லிவிட்டு, பச்சை ஏலக்காயை உலர்த்தும் டிரையர் அறைக்குள் ஸ்டூலோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே நல்ல சூடு. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டுகளில் இருந்த காய் நீர் வற்றி, நிறம் கெடாமல் சுருங்க ஆரம்பித்தது. ஸ்டூலில் இருந்தவரோ சூடு பட்டு இரண்டு மடங்காகி வெளியே வந்தார்.

வாசலில் தோட்டத்து சூப்பர்வைசர் பிலோமி.

"ஐயோ மாதாவே! முதலாளி, குளவி கொட்டிருச்சா?"

ஏசுரத்தினம் ஒரு நொடி யோசித்தார்.

"ம்ம்," என்றார். அந்த உதட்டால் அப்போது முடிந்த ஒரே பதில் அது.

"காட்டுக்குள்ளயா போனீங்க? நீங்களா?"

"ம்ம்."

மதியத்துக்குள் இருபது கொட்டு என்றிருந்த செய்தி, மாலையில் அறுபது ஆனது. காய் பறிக்கும் பெண்களைக் காப்பாற்றத் தானே முன்னால் பாய்ந்தாராம். எந்தப் பெண்கள் என்று கேட்கப் பெண்களுக்கே தோன்றவில்லை.

ஞாயிறு, கோயில் ஹாலில் கூட்டம். வழக்கமாக நாற்பது நிமிடம் பேசுகிறவர், இந்த முறை கைகூப்பி நின்றதோடு சரி. அந்தச் சுருக்கத்துக்கும் சில ஓட்டு விழுந்திருக்க வேண்டும். சின்னையனே எழுந்து, "இம்புட்டு நாளும் இவரை ஜீப்புக்காரர்னு கேலி பண்ணினேன். தப்புதேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஏசுரத்தினம் தலைவரானார்.

"இப்பவாச்சும் உண்மையச் சொல்லிருங்க," என்று காதைக் கடித்தாள் செபமாலையம்மாள்.

"நாளைக்கு அந்தப் புள்ளகிட்டப் போயி, கரைக்கிற ஊசி இருக்கானு கேட்டுப் போட்டுக்கிரலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்று உதடு பிரியாமலே முணுமுணுத்தார் அவர்.

கழுத்தில் மாலை விழுவதற்குள் பிலோமி எழுந்தாள். "தலைவரே, நாளைக்குக் காயெடுப்பு. பொம்பளைக உள்ள எறங்கணும். அந்தக் குளவிக் கூடு எங்கனு இப்பவே காட்டிருங்க, இருட்டினதும் ஆளுக போயி அழிச்சிரட்டும்."

"ஆமா, தலைவர் காட்டட்டும்!" என்றது ஹால்.

நாற்பது பேர் பின்னால் வர, தலைவர் முன்னால் நடந்தார். தன் தோட்டத்தின் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் என்பதையே அன்றுதான் கண்டார். இடது பக்கம் திரும்பினார். எதற்கும் இருக்கட்டுமென்று வலது பக்கமும் திரும்பினார். சறுக்கிய இடங்களில் ஏதோ தடயம் பார்ப்பவர்போல் குனிந்தார். ஓர் ஓடை குறுக்கே வந்தது, கம்பீரமாகத் தாண்டினார். பின்னாலிருந்து சின்னையன் இருமினார்.

"தலைவரே, கோவிச்சுக்கிராதீங்க. உங்க தோட்டம் ஓடைக்கு அங்கிட்டே முடிஞ்சு போச்சு. இது என்னோடது."

தலைவர் நின்றார். திரும்பவில்லை.

"தெரியும்," என்றார், உதட்டை ஒருவழியாகப் பிரித்து. "இங்கயிருந்துதான் ஆரம்பிக்கணும்."

சின்னையன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் சுற்றிக்கட்டிக்கொண்டு, தன் தோட்டத்து மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். மற்ற முப்பத்தொன்பது பேரும் அண்ணாந்தார்கள்.