வரிக்குப் பன்னிரண்டு அசை

இறம்பொடைப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில், சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்குத் தேத்தண்ணி ருசி காட்டுகிற பிள்ளை நிலக்ஷி. கண்டிக்குப் போய் பிரெஞ்சு படித்தவள். அன்று காலையிலிருந்தே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்காதா பின்னே? பிரெஞ்சுக்காரரைக் கூட்டி வருகிற கைட் கிஷாந்த், ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் பெண் பார்க்கப் போகிறானாம். அதற்குள் மனதைச் சொல்லியாக வேண்டும்.

தமிழில் சொல்ல வெட்கம் விடவில்லை. பிரெஞ்சிலேயே பாட்டுக் கட்டிவிட்டாள். அந்த நாட்டுப் பழைய புலவர்கள் முறை: வரிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதில் ஒரு மூச்சு நிறுத்தம்.

வேன் வந்தது. மேசையில் கோப்பைகள் ஆவி விட்டன. ஃபெக்டரியில் தூள் பதம் பார்க்கிற டீமேக்கர் சிவசாமி ஐயா பக்கத்தில் நின்றார். கரண்டியால் உறிஞ்சிக் காட்ட வேண்டிய இடத்தில், நிலக்ஷி கிஷாந்தைப் பார்த்துப் பிரெஞ்சுப் பாட்டை எடுத்துவிட்டாள்.

"மலையில் பனி இறங்குகிற மாதிரி உன் மூச்சு என் பிடரியில் இறங்கட்டும். சூடு ஆறுமுன்னே என்னைக் குடி. துவர்ப்பும் தேனும் என் உதட்டில் உனக்காகவே ஊறுகின்றன..." இன்னும் என்னென்னவோ, போங்க!

வெள்ளைக்காரர்கள் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றார்கள். ஒரு கிழவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிஷாந்தின் காது மிளகாய்ப் பழமாகிவிட்டது.

பிரெஞ்சு தெரியாத சிவசாமி ஐயாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"அடி சக்கை! நம்ம தேயிலையப் பத்தி இப்படி யாரும் பேசினதில்ல. தம்பி, தமிழ்ல சொல்லுங்க. தூள் சலிக்கிற பொம்பளைங்களும் கேக்கட்டும்."

"சொல்லுங்க தம்பி!" என்றாள் சலிக்கிற ஜீவராணி. "தேயிலையச் சொல்ல இவ மொகம் ஏன் இப்படிச் செவக்குது?"

நிலக்ஷி கிஷாந்தையே பார்த்தாள். நிறம், மணம், துவர்ப்பு என்று ஏதாவது சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்தால் எல்லாம் முடிந்தது.

கிஷாந்த் தொண்டையைச் செருமினான்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. இது தேயிலையப் பத்தி இல்ல."

"பின்ன?"

"என்னையப் பத்தி."

சொல்லிவிட்டு, பனியும் பிடரியுமாக முதல் வரியைத் தமிழில் உரக்கச் சொன்னான். ஜீவராணி குலவை போட்டாள். மூன்றாம் வரியில் உதடு வந்ததும் ஐயா இரண்டு கையையும் தூக்கினார்.

"போதும்! மிச்சத்தக் கல்யாணத்துக்குப் பெறகு வச்சுக்கங்க!"

கிஷாந்த் அங்கேயே போனை எடுத்தான்.

"அம்மா, ஹட்டனுக்கு வரலைன்னு சொல்லிருங்க. ஏனா? பொண்ணு பாத்தாச்சும்மா... இல்ல, பொண்ணுதான் என்னையப் பாத்துருச்சு."