ஆறு மணிக்குப் பூட்டும் கதவு

வீட்டுக்காரம்மா சீதாவுக்கு மூட்டுவலி. மாடிக்கு வரமாட்டார், கீழே இருந்தே குரல் கொடுப்பார். அன்றைக்குப் படியேறி ஷகீலாவின் போர்ஷனுக்கே வந்துவிட்டார்.

"பழைய பம்ப் ஹவுஸ இடிச்சிட்டு லேடீஸ் டாய்லெட் கட்டப் போறாவளாம் ஷகீலா. நம்ம அடுப்படிச் சுவத்த ஒட்டி. அந்தப் பக்கந்தான தரைக்கடியில தண்ணிச் சம்ப்பு இருக்கு? கசிஞ்சா நாம குடிக்க தண்ணி என்ன ஆவும்? பொழுது சாஞ்சா கண்டவனும் வந்து நிப்பான். ஞாயித்துக்கிழமை பகுதி சபைக் கூட்டம். தெருவே வேண்டாம்னு சொல்லப் போவுது. நீயும் வந்து கை தூக்கிரு."

"சரிக்கா" என்றாள் ஷகீலா.

மறுத்துப் பேசத் தோன்றவில்லை. தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அவள் குடிவந்து பல வருஷமாகிறது. கணவன் நதீம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் குழந்தை ஜுவேரியாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது சீதாதான். நதீம் இறந்த பிறகு, "நீ எங்கயும் போவ வேண்டாம், இங்கயே இரி" என்று சொன்னதும் சீதாதான்.

ஷகீலாவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நான்கு மாடிக் கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரே கழிவறை. மேல்மாடியில், ஸ்டாக் ரூமுக்குப் பின்னால். போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட்ட நேரத்தில் கேட்டால், "இப்பத்தான போன?" என்பார், எல்லார் காதிலும் விழும்படி. அதனால் பெண்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் முகூர்த்தக் கூட்டம். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வரும் பூஜா, கல்யாண வீட்டார் ஒருவருக்குப் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், விரித்த சேலை மேலேயே சரிந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஷகீலாதான் ஆட்டோவில் ஏற்றி ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"யூரின் இன்ஃபெக்ஷன். கிட்னி வரைக்கும் போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பே?"

"மத்தியானம் சாப்புடசொல்ல ஒரு டம்ளர் மேடம்."

"ஏன்?"

பூஜா ஷகீலாவைப் பார்த்தாள். ஷகீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் குடிப்பதும் அந்த ஒரு டம்ளர்தான். ஆனால் அவளுக்கு வீடு பக்கத்தில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் வந்துவிடுவாள். பூஜாவின் வீட்டுக்கு ரயிலேற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகுதி சபைக் கூட்டம் மாநகராட்சிப் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கவுன்சிலர் செந்தில்குமாரும் பொறியாளர் ஒருவரும் வந்திருந்தார்கள். சீதாவின் கணவர் கணேசமூர்த்தி முதலில் பேசினார். நாற்றம், கொசு, சம்ப்புத் தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னார். தெருக்காரர்கள் கை தட்டினார்கள். "வேண்டாங்கறவங்க கை தூக்குங்க" என்றார் கவுன்சிலர். கைகள் எழுந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீதா ஷகீலாவின் முழங்கையை லேசாகத் தொட்டார்.

ஷகீலா கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், நான் இந்தத் தெருவுலதான் கீறேன். எனக்கு இங்க ஓட்டு கீது. அதான் பேசறேன். என்கூட வேல செய்றவங்களுக்கு இங்க ஓட்டு இல்ல, அவங்கள யாரும் கூப்புடல. காலைல வந்தா நைட்டு கடை மூடற வரைக்கும் நின்னுக்கினே கீறோம். ஒண்ணுக்கு வரக்கூடாதுன்னு தண்ணி குடிக்காம நிக்கிறோம். ஒரு பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீது. இருவத்திரண்டு வயசு சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஷகீலா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் உட்காரவில்லை.

"சம்ப்புக்கு இன்னா ஆவும்னு அக்கா பயப்படறாங்க. அது நியாயம்தான். அதுக்கு வழி சொல்லுங்க. வேணவே வேணாம்னு சொல்லாதீங்க."

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். செப்டிக் டேங்க் கட்டப் போவதில்லை, கழிவுநீர்க் குழாயில் நேராக இணைக்கப் போகிறோம், சம்ப்புக்கு எதுவும் ஆகாது என்றார். மூலையில் இருந்து சகினா என்ற பெண் எழுந்து, "என் மருமகளும் கடையிலதான் நிக்கிது. கட்டுங்க சார்" என்றாள். இன்னும் சில பெண்கள் தலையசைத்தார்கள். தூக்கிய கைகளில் சில இறங்கின. இரண்டு பக்கத்துக் கருத்தையும் எழுதிக்கொள்ளும்படி பொறியாளரிடம் சொல்லிவிட்டு கவுன்சிலர் கிளம்பினார். ஒரு மாதம் கழித்து ஒப்புதல் வந்தது.

சீதா சத்தம் போடவில்லை. அதுதான் ஷகீலாவுக்குத் தாங்கவில்லை. கூட்டம் நடந்த மறுநாள் காலையிலேயே கேட்டருகே நின்று அவர் சொன்னார்: "எங்கிட்ட சரின்னு சொன்ன. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா? அம்புட்டுப் பேர் முன்னால வச்சா சொல்லணும்?"

"உங்கள எதுத்துப் பேசணும்னு நெனைக்கலக்கா..."

"பையனுக்குப் பொண்ணு பாக்கோம். மாடி வேணும். பாப்பா பரீட்சை முடியட்டும். அவசரமில்ல."

பையனுக்குப் பெண் பார்க்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும். ஷகீலா தெருவில் வேறு வீடு விசாரித்தாள். வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்தான், யாரும் தரவில்லை. கடைசியில் பல்லாவரத்தில் ஒரு வீடு அமைந்தது. ஜுவேரியாவைப் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. தாயும் மகளும் ஒன்றாக ரயிலேறி மாம்பலத்தில் இறங்கினார்கள். நெரிசலில் மகள் நின்றுகொண்டே பாடம் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று எழுந்து நின்றது சரிதானா என்று ஷகீலா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கழிவறையைத் திறந்தார்கள். பராமரிக்க அமீனா பீ என்ற அம்மாளை வைத்தார்கள். கழுவித் துடைத்து பளிச்சென்று வைத்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கடைப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நடைபாதையில் பூ விற்பவர்களும், ஹேர்கிளிப் விற்பவர்களும் வந்தார்கள். வேலைக்குத் திரும்பியிருந்த பூஜா எல்லார் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துக் காட்டிச் சிரித்தாள்.

சில மாதங்கள்தான். அடுத்த பகுதி சபையில், மாலையில் ஆட்கள் வந்து நிற்பது தொந்தரவாக இருக்கிறது, ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும் என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். விஷயம் தெரிந்து ஷகீலாவும் போயிருந்தாள். எழுந்தாள்.

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்றது ஒரு குரல்.

கவுன்சிலர் சங்கடமாக நெளிந்தார். "இது இந்த ஏரியாக்காரங்க கூட்டம்மா. கொஞ்சம் உக்காருங்க."

யார் காலி பண்ண வைத்தார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. சீதா முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஷகீலா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தது. கடை மூடப் பத்தாகும்.

அதன் பிறகு, கடைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் நாலு நாலு பேராகக் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனார்கள். சாப்பிடாமலே திரும்பிய நாட்கள் உண்டு. சூப்பர்வைசர் கண்டித்தார், இருவருக்குச் சம்பளம் பிடித்தார்கள், அந்த இருவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் செந்தில்குமார் வெளிப்படையாகவே சொன்னார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்கள்ல ஒருத்தருக்கும் இங்க ஓட்டு இல்லையேம்மா. நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எங்க ஊர்ல போயி கேட்டா, தி. நகர் டாய்லெட்ட தொறந்து வைப்பாங்களா சார்?" என்றாள் பூஜா.

செந்தில்குமார் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ஆனால் அந்த வாரமே மாநகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. தீபாவளிக் கூட்டம் முடியும்வரை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். அதற்குப் பிறகு? "பாக்கலாம்" என்றார்கள்.

உத்தரவு வந்த மறுநாள் ஷகீலா கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது, காய்கறிப் பையோடு சீதா எதிரே வந்தார். இருவரும் நின்றுவிட்டார்கள்.

"பாப்பா நல்லாருக்காளா?"

"நல்லாருக்காக்கா."

"ரயில்லயா வாரா? விடிய முன்ன எந்திரிக்கணுமே. படிக்க நேரம் இருக்கா?" சீதாவின் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. ஷகீலாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்தக் கை தன் மகளுக்குச் சோறு ஊட்டியதும் நினைவு வந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"டிரெய்ன்லயே படிக்கிறாக்கா" என்றாள்.

சீதா தலையசைத்தார். பிறகு பையைக் கை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். இடைவேளை முடிந்திருந்தது. ஷகீலா கடையை நோக்கி வேகமாக நடந்தாள்.