ஆறாவது சீர்த்தட்டு

ஹாவ் நடுவில் படுத்துக்கொண்டான். வடக்கே, மலையூரில், அந்தப் பலகை வீட்டில் மூவருக்கும் சேர்த்து ஒரே பாய். இந்தப் பக்கம் கியெட். அந்தப் பக்கம் உயென்.

"தங்கச்சிய என்னை நம்பித்தான் அனுப்பியிருக்காரு சித்தப்பா," என்றான். உடனே தூங்கிப்போனான்.

குறட்டைக்கு மேலாக உயென் கியெட்டைப் பார்த்துச் சிரித்தாள். அது அவர்களுடைய தேனிலவு. ஹாவுக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சைகோனில், வார்டு அலுவலகத்தில், இருவரும் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உயெனின் அக்காவுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. மூத்தவள் இருக்கும்போது இளையவள் பேச்சை எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஊர் திரும்பியதும் உயெனே அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. மகள் வாயால் கேட்டால் கத்துவார், பிறகு இறங்கி வருவார். வேறு வாய் வழியாகப் போனால் வீட்டுக் கதவு திறக்காது.

வேறு வாய் என்றால் ஹாவ்தான். உயெனின் பெரியப்பா மகன், கியெட்டின் கல்லூரித் தோழன், தங்கமானவன். ஆனால் உயென் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தினமும் அவள் அப்பா போன் செய்வதும் ஹாவுக்குத்தான்.

முதுகுப் பைகளோடு மூவரும் தெற்கே இறங்கினார்கள். ஹனோயில் நடைபாதை முக்காலிகளில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றார்கள். ரயிலில் மேல் படுக்கைக்குச் சண்டை போட்டார்கள். ஹுவேயில் மழை. இரண்டு தலை நுழைகிற மழைக்கோட்டு ஒன்றுதான் கடையில் மிச்சம். ஹாவும் உயெனும் அதற்குள் நுழைந்து ஒரு வண்டியில் போக, கியெட் பின்னால் இன்னொரு வண்டியில் நனைந்துகொண்டே போனான். முன்னால் போன மழைக்கோட்டிலிருந்து உயெனின் கை வெளியே வந்து ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே போனது. அதுபோதும் என்றிருந்தது அவனுக்கு.

கடைசியாக டெல்டா. கால்வாய்களுக்குள் சுற்றிக்காட்ட ஒரு படகு பேசினார்கள். படகுக்காரர் பெயர் சின். நாற்பதைத் தாண்டியவர். ஏறியதும் எல்லோருடைய வயதையும் கேட்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாண்ணே?" என்று ஹாவ் பதிலுக்குக் கேட்டான்.

"படகு கட்டியிருக்கேன். அது போதாதா?"

ஒரு திருப்பத்தில், கரையோரம் கட்டியிருந்த அலங்காரப் படகிலிருந்து ஓர் அம்மாள் இரண்டு கைகளையும் ஆட்டினாள். வெல்வெட் உடை, கழுத்து நிறைய நகை, முகம் நிறைய வியர்வை. மாப்பிள்ளையின் அம்மா. கொஞ்ச தூரத்தில் தென்னங்கீற்றால் பின்னிய வளைவு தெரிந்தது. பெண் வீடு.

"தம்பிங்களா, கொஞ்சம் எறங்குங்க! ஆறு சீர்த்தட்டு தூக்க நாலு பசங்கதான் நிக்கிறானுங்க. ரெண்டு பேர் நேத்து நத்தை தின்னுட்டு வயித்தப் பிடிச்சுட்டுக் கெடக்கானுங்க. எங்க ஊர்ல மத்தவனெல்லாம் ஃபாக்டரிக்குப் போயிட்டான். அந்தப் பக்கம் தட்டு வாங்க ஆறு பொண்ணுங்க வரிசையா நிக்குதுங்க. நான் என்ன செய்ய?"

"இதோ வந்துட்டோம்," என்று ஹாவ் குதித்தான்.

"ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகலையே?"

"எனக்கு ஆகல. இவனுக்கு யாரும்மா பொண்ணு குடுப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் யாரோ கியெட்டின் தலை வழியாக நீல அங்கியை மாட்டிவிட்டார்கள். கையில் சிவப்புத் துணி மூடிய ஆறாவது தட்டு வந்தது. துணியை விலக்கிப் பார்த்தான். இலைப் பெட்டிக்குள் ஜோடி ஜோடியாக அடுக்கிய கணவன்-மனைவிப் பணியாரம்.

கல்யாணமானவன் சீர்த்தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஜோடி நிலைக்காது என்பார்கள். கியெட்டுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பதினைந்து அடி நடந்து எதிரில் நிற்கும் பெண்ணிடம் கொடுத்தால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? உயெனுக்கு மட்டும் தெரியும். அவள் படகில் உட்கார்ந்து லோங்கன் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அவன் காலரைச் சரிசெய்தாள்.

"பெரியவனுக்கு இதெல்லாம் எதுவும் பாக்கல," என்றாள் மெதுவாக. "ரெண்டு வருஷம்தான். மருமக விட்டுட்டுப் போயிட்டா. இவனுக்காவது ஒண்ணுவிடாம செய்யணும்."

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றான். பூச்செண்டை இரண்டு கைகளாலும், குழந்தையைத் தூக்கத் தெரியாதவன் தூக்குவதுபோலப் பிடித்திருந்தான்.

கியெட் தட்டைத் திருப்பி நீட்டினான்.

"அம்மா, நான் தூக்கக் கூடாது. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

ஹாவ் பெரிதாகச் சிரித்தான். "எப்பவாம்?"

"நாம கெளம்பறதுக்கு முந்தின நாள்."

"யாரோட?"

படகில் உயென், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல, கையைத் தூக்கினாள். விரல்களுக்கிடையில் பாதி உரித்த லோங்கன் இருந்தது.

ஹாவின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் ஒருவர், "நல்ல நேரம் வந்தாச்சு, வரிசையில நில்லுங்க, யாரும் பேசாதீங்க," என்றார். வாய் மூடியது. ஹாவின் முகம் தட்டுத் துணியின் நிறத்துக்கு வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் இன்னும் பிரம்மச்சாரிதான்மா."

அங்கி அவர் வயிற்றோடு நின்றுவிட்டது. கீழே இறங்க மறுத்தது. அப்படியே நிறுத்தினார்கள். ஆறு பேரும் கீற்று வளைவுக்குள் போனார்கள். ஐந்து இளைஞர்கள், கடைசியில் சின், மூச்சை இழுத்துப் பிடித்தபடி. தட்டை வாங்கிய பெண்ணுக்குச் சிரிப்பை அடக்கத் தோள்கள் குலுங்கின.

கியெட் படகில் போய் உட்கார்ந்தான். உயென் லோங்கனை அவன் வாயில் போட்டாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

"இருந்திருக்கலாம்."

"நல்லவேளை சொன்னே."

"உங்க அப்பா?"

"பாப்போம்."

விருந்து சாப்பிடாமல் அவர்களைப் போக விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கியெட்டையும் உயெனையும் அருகருகே உட்காரவைத்து, மீனின் வயிற்றுப் பாகத்தை எடுத்து இருவர் கிண்ணத்திலும் போட்டாள். எதிரில் ஹாவ். சோறு, சூப், வாத்து எல்லாம் தின்றான். அவன் பேசாமல் தின்று கியெட் பார்த்ததே இல்லை.

கடைசியில் சாப்பாட்டுக் குச்சிகளை வைத்தான்.

"அப்ப, அந்த மலையூர்ல நான் நடுவுல படுத்தேனே?"

"ஆமா."

"ஹுவேல, அந்த ரெயின்கோட்டு?"

"ஆமா."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

கியெட் கிண்ணத்தைப் பார்த்தான். உயென்தான் சொன்னாள்: "அண்ணா, உன் வாய் உனக்குத் தெரியாதா?"

மேசைமேல் ஹாவின் போன் அடித்தது. சித்தப்பா. மூவரும் அதைப் பார்த்தார்கள். அது அடித்துக்கொண்டேயிருந்தது. உயெனின் கை கியெட்டின் முழங்காலைப் பிடித்தது. ஹாவ் எடுத்தான்.

"சித்தப்பா! சாப்பிட்டாச்சு. ஒரு கல்யாண வீட்ல இருக்கோம்… இல்ல இல்ல, முன்னபின்ன தெரியாதவங்க, கூப்பிட்டாங்க… உயெனா? இங்கதான், மீன் தின்னுட்டிருக்கா." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். "பொண்ணா?"

உயெனைப் பார்த்தான்.

"பொண்ணு நல்ல பொண்ணு, சித்தப்பா. மாப்ளதான் சுமார்."

போனை வைத்தான். நெற்றியைத் துடைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறோம். அதுவரைக்கும் அடக்கிக்கறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் செத்துருவேன். நீயே சொல்லிடு."

"சொல்லிடறேன்ணா."

"நானும் கூட வரேன். அவரு எதையாவது தூக்கி வீசினா யாராச்சும் நடுவுல நிக்கணும்ல?"

படகுத்துறைக்கு நடந்தார்கள். சின் அங்கியைத் திருப்பிக் கொடுக்காமல் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தட்டு வாங்கிய பெண் கரையிலிருந்து அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

"அண்ணே, எங்க உயெனுக்கு ஒரு அக்கா இருக்கா," என்றான் ஹாவ்.

"வாய மூடு," என்றாள் உயென்.

ஹாவ் முதலில் ஏறினான். வழக்கம்போல நடுப் பலகையில் உட்காரப் போனவன் நின்றான். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.