குருநாதரின் கடைவாய்ப் பல்

அவள் பல் மருத்துவர். அன்று காலையிலிருந்தே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பன்னிரண்டு வருடமாக யாருடைய பேச்சைக் கேட்க வாரம் தவறாமல் முண்டியடித்துப் போய் உட்கார்ந்தாளோ, அந்தக் குருநாதரே பல்வலியோடு அவளிடம் வருகிறார்.

நாற்காலியை மூன்றாவது முறையாகத் துடைத்தாள். நர்ஸம்மா அதட்டினாள். நர்ஸம்மாவுக்கு அங்கே ஹெட்மாஸ்டர் என்று பட்டப்பெயர்.

"போதும் டாக்டர். நாற்காலி தேஞ்சிடப் போகுது."

குருநாதர் நான்கு சீடர்களோடு வந்து சேர்ந்தார். சீடர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்து சாய்ந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை சொத்தையாகியிருந்தது. பிடுங்கியே ஆக வேண்டும். அவள் ஊசியை எடுத்ததும் அவர் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா" என்றார் அவர். "மூணு வருஷமா ஒரு பக்கமாவே மென்னு ஒப்பேத்திக்கிட்டிருக்கேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயத்தைப் பற்றி இவர் பேசிய பேச்சுகளே ஏழெட்டு இருக்கும்.

"நீங்களே பயப்படலாமா ஐயா?"

"பயப்படலாம்மா. மறைக்கத்தான் கூடாது. மறைச்சேன், பாருங்க, பல்லே போகுது." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்ப வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா தாங்கிக்குவேன்."

இத்தனை வருடத் தொழிலில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. வலிக்காது என்று சொல்வதுதான் அன்பு என்று நினைத்திருந்தாள்.

"ஊசி சுருக்குன்னு குத்தும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் பல்லை அசைக்கிறப்ப அழுத்துற மாதிரி இருக்கும், வலிக்காது."

"நான் எண்ணுறேன்" என்று ஹெட்மாஸ்டர் தன் கையை நீட்டினாள். அவர் இறுகப் பற்றிக்கொண்டார். ஏழிலேயே ஊசி வெளியே வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் பத்து வரை எண்ணித்தான் நிறுத்தினாள்.

அரைமணி நேரம் கழித்து, கன்னத்தில் பஞ்சோடு குருநாதர் வெளியே வந்தார், பின்னாலேயே ஹெட்மாஸ்டரும். சிரித்தே பழக்கமில்லாத மூத்த சீடர் எழுந்து கைகூப்பினார்.

"சத்தமே கேட்கலையே குருவே! தியானத்துல இருந்தீங்களா?"

"தியானமா? நடுங்கிப் போயிட்டேன்ப்பா. இந்தம்மா கையைப் பாரு, கசக்கிப் பிழிஞ்சிட்டேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று சீடர்கள் விழித்தார்கள். குருநாதரே மரத்துப்போன வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரிப்பு அடங்கியதும் மூத்த சீடர் மெல்லச் சொன்னார்.

"எனக்கும்... மேல் பல்லு ஒண்ணு. ரெண்டு மாசமா."

"எனக்கு ஈறு வீங்கியிருக்கு" என்றார் அடுத்தவர். இன்னொருவர் பேசாமல் தன் தாடையைச் சுட்டிக்காட்டினார்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? வரிசையா உட்காருங்க!" என்றாள் ஹெட்மாஸ்டர்.

மூத்த சீடர் நாற்காலியில் சாய்ந்தார். "சுருக்குன்னு குத்தும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் டாக்டர். அவர் தலையசைத்தார், வாயைத் திறந்தார். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

நான்காவது சீடரின் பற்களில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஏதோ தப்புச் செய்தவர்போல நின்றார்.

"கவலைப்படாதேப்பா" என்று குழறினார் குருநாதர். "இன்னிக்கு எங்க எல்லாருக்கும் சேர்த்து நீதான் மெல்லணும்."

அவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போகும்வரை டாக்டரும் ஹெட்மாஸ்டரும் அடக்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.